அம்பாசடருக்கு டிஸ்ட்ரிபியூட்டர் மாற்றிய மூன்று ஞாயிறுகள்

சென்னை பாடி மேம்பாலத்துக்குக் கீழே சிக்னலில் நிற்கும்போதுதான் அதை முதலில் கவனித்தேன். ஐடிலிங்கில் இன்ஜின் சீராகத்தான் ஓடும். திடீரென ஒரு துடிப்பு மட்டும் விட்டுப்போகும், ஸ்டியரிங் லேசாக உதறும். அடுத்த நொடியே ஒன்றும் நடக்காததுபோல் ஓடத் தொடங்கும். பின்சீட்டில் இருந்த அப்பா கண்ணைத் திறக்காமலே, "ஒண்ணு மிஸ் ஆகுதுடா" என்றார்.

வண்டி 1986 மாடல் அம்பாசடர் மார்க் 4, பெட்ரோல், 1489 சிசி. அப்பா டூரிஸ்ட் டாக்ஸியாக ஓட்டி எங்களை வளர்த்த வண்டி. பர்மிட்டை ஒப்படைத்த பிறகும் விற்க மனம் வரவில்லை. பல வருடங்களாக என் பொறுப்பில் இருக்கிறது.

மூன்று மாதத்தில் மூன்று முறை சி.பி. பாயிண்ட், அதாவது பொறிக்காகக் கரண்டைத் திறந்து மூடும் சின்ன ஸ்விட்ச், மாற்றியாயிற்று. பட்டறையில் ஒவ்வொரு முறையும் ஒரே பேச்சு: "பாயிண்ட் கருகிப்போச்சு தம்பி, மாத்திட்டா சரியாயிடும்." மாற்றினால் சரியாகவும் ஆகும். பதினைந்து நாள் வண்டி தங்கமாக ஓடும், பிறகு அதே மிஸ்ஸிங், அதே உதறல். கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள், பிளக்குகளை மாற்றினார்கள், பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம் வரைக்கும் போனார்கள். நான்காவது முறை போக எனக்கு மனம் வரவில்லை. நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவன். அளந்து பார்க்காமல் பொருளை மாற்றுவது என் தொழிலில் கிடையாது. இந்த வேலையை நானே அளந்து பார்ப்போம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பானெட்டைத் திறந்தேன்.

இந்த இன்ஜினில் கார்புரேட்டரும் சைலன்சர் பைப்பும் இடது பக்கம், பிளக்குகளும், அவற்றுக்கு முறைவைத்துப் பொறியைப் பகிர்ந்து கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரும் டிரைவர் பக்கம். இரண்டு ஸ்பிரிங் கிளிப்பைத் தள்ளினால் கேப் கையோடு வந்துவிடும். உள்ளே ஒவ்வொரு பிளக் ஒயருக்கும் கரண்டைத் திருப்பிவிடும் ரோட்டர், அதை உருவினால் அடியில் பாயிண்டும், அது கருகாமல் காக்கும் கண்டன்சரும். பாயிண்ட் முகத்தில் ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் குழி. புதிது போட்டு இருபது நாள்கூட ஆகவில்லை. ஆனால் அதைவிட முக்கியமான ஒன்று கைக்குத் தெரிந்தது. ரோட்டர் உட்காரும் ஷாஃப்டின் தலையை இரண்டு விரலால் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினேன். டக், டக். சுற்றும் திசையில் கொஞ்சம் அசைந்தால் தவறில்லை, வேகத்துக்கேற்பப் பொறியை முந்தவைக்கும் அட்வான்ஸ் எடைகளின் ஸ்பிரிங் விளையாட்டு அது. பக்கவாட்டில் ஆடக் கூடாது. இது ஆடியது.

டயல் கேஜை வேலையிடத்திலிருந்து இரவல் வாங்கி வந்திருந்தேன். காந்த ஸ்டாண்டை இன்ஜின் பிளாக்கில் ஒட்டி, முள்ளை ஷாஃப்டில் வைத்துத் தள்ளிப் பார்த்தால் 0.2 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. சின்ன எண்ணாகத் தோன்றும். ஆனால் இந்த வகை டிஸ்ட்ரிபியூட்டரில் பாயிண்ட் இடைவெளியே 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர்தான். அதில் பாதியை ஷாஃப்டின் ஆட்டமே தின்றுவிடுகிறது.

ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடுகளை வைத்து, பாயிண்டைத் தள்ளித் திறக்கும் கேமின் நான்கு முனைகளிலும் இடைவெளியைத் தனித்தனியாக அளந்தேன். முதல் முனையில் 0.40 வைத்தால், அடுத்ததில் 0.35, எதிர் முனையில் 0.25, கடைசியில் 0.30. பட்டறையில் எல்லோரும் ஒரே ஒரு முனையில் வைத்து அளந்துவிட்டு மூடுகிறார்கள். மற்ற மூன்றையும் யாரும் பார்ப்பதில்லை. இடைவெளி குறைந்த முனையில் பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், அந்த சிலிண்டருக்கு மட்டும் பொறி பிந்தி வரும். புது பாயிண்டில் கேமை உரசும் குதிகால் முதல் சில நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் தேய்ந்து படியும். அப்போது நான்கு இடைவெளியும் சேர்ந்து குறையும். ஏற்கெனவே குறுகலான முனையில் பாயிண்ட் சரியாகத் திறக்காமலே போய்விடும். பதினைந்து நாள் கணக்கு அங்கேதான் ஒளிந்திருந்தது.

இன்னொரு சோதனையும் செய்தேன். இதை எழுத உட்கார்ந்ததற்கே அதுதான் காரணம் என்று சொல்லலாம். பொறி வரும் கணத்தில் மின்னும் டைமிங் லைட் இருப்பவர்கள் எல்லோரும் அதை ஒன்றாம் நம்பர் பிளக் ஒயரில் மாட்டிப் பார்ப்போம். அதோடு நிறுத்தாமல், கழற்றி நான்காம் நம்பரிலும் மாட்டிப் பாருங்கள். நாலு சிலிண்டர் இன்ஜினில் ஒன்றாவது பிஸ்டனும் நான்காவது பிஸ்டனும் சேர்ந்தேதான் மேலே வரும், சேர்ந்தேதான் கீழே போகும். அதனால் புல்லியின் வெட்டுக்குறி இரண்டுக்கும் ஒரே இடத்தில் தெரிய வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரில் இந்த இரண்டும் நேர் எதிர் முனைகள். ஷாஃப்ட் ஆடினால் அது இங்கே பளிச்சென்று தெரிந்துவிடும். எங்கள் வண்டியில் ஒன்றுக்கும் நாலுக்கும் நடுவில் ஏறக்குறைய 4 டிகிரி வித்தியாசம். அதுவும் குறி ஒரு இடத்தில் நிற்காமல் நடுங்கிக்கொண்டே இருந்தது. கார்புரேட்டரைக் குறை சொல்லிக்கொண்டிருந்த மூன்று மாதமும் அந்த நடுக்கம் இருந்திருக்கிறது.

இந்த இன்ஜினில் அந்தக் குறியைப் பார்ப்பதே ஒரு வேலை. டைமிங் கவரின் அடியில் முட்கள் நீட்டிக்கொண்டிருக்கும், நீளமானது டி.டி.சி. (பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம்), மற்றவை 5, 10 டிகிரி. வண்டிக்கு முன்னால் தரையில் படுத்துத்தான் பார்க்க முடியும். வெட்டில் முதலிலேயே வெள்ளை பெயின்ட் ஒரு கோடு தொட்டு வைத்துவிடுங்கள். ஃபேன் தலைக்குப் பக்கத்தில் சுழல்கிறது என்பதை ஒரு நொடியும் மறக்கக் கூடாது. தோளில் துண்டு, தொங்கும் சட்டை எதுவும் வேண்டாம்.

ஷாஃப்ட் ஏன் ஆடுகிறது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அப்பா வந்து எட்டிப் பார்த்தார். "ரோட்டருக்கு அடியில எண்ணெய் விட்டியா?" என்றார். இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட விட்டதில்லை. அவர் ஓட்டிய காலத்தில் ஒவ்வொரு ஆயில் மாற்றும்போதும் ரோட்டரை எடுத்து, ஷாஃப்டின் தலையில் இரண்டு சொட்டு இன்ஜின் ஆயில் விடுவாராம். அது உள்ளே இறங்கி கேமும் ஷாஃப்டும் உரசும் இடத்தை ஈரமாக வைக்கும். பாயிண்ட் உட்காரும் பேஸ் பிளேட்டின் இடைவெளி வழியாக அட்வான்ஸ் எடைகளுக்கும் கீழே ஷாஃப்டைத் தாங்கும் புஷ்ஷுக்கும் இரண்டு சொட்டு. கேம் முகத்தில் கடுகளவு கிரீஸ். வண்டி என் கைக்கு வந்ததும் நான் பட்டறையை நம்பினேன், பட்டறை பாயிண்டை மட்டும் பார்த்தது, எண்ணெய் விடுவது இடையில் நின்றுபோனது. ஷாஃப்ட் வறண்ட புஷ்ஷில் ஓடி, அந்த இடம் தேய்ந்திருக்கிறது.

இனி இரண்டு வழி. புஷ் மாற்றுவது, அல்லது முழு டிஸ்ட்ரிபியூட்டரையே மாற்றுவது. வண்டி அப்பாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக வேண்டும், நிறுத்தி வைக்க முடியாது. அதனால் முதலில் வேறொன்று போட்டுவிட்டு, பழையதை நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். பாயிண்டே இல்லாத எலக்ட்ரானிக் கிட் போடலாமே என்று நண்பர்கள் சொன்னார்கள். நல்ல பொருள்தான், மறுக்கவில்லை. ஆனால் அது வழியில் நின்றுபோனால் நின்றதுதான். பாயிண்ட் என்றால் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் துண்டு எமரி பேப்பரும் இருந்தால் நடுரோட்டில் சரிசெய்து வீடு வந்துவிடலாம். அப்பா அப்படி எத்தனையோ முறை வந்திருக்கிறார்.

எங்கள் டிஸ்ட்ரிபியூட்டர் லூகாஸ் டிவிஎஸ். அதன் தொழிற்சாலை பாடியில்தான். அந்த பஸ் ஸ்டாப்பையே லூகாஸ் என்றுதான் கண்டக்டர்கள் கத்துவார்கள். இப்போது இந்தப் பழைய மாடலைத் தேட, பழைய உதிரிபாகக் கடைகள் இருக்கும் புதுப்பேட்டைக்குப் போக வேண்டியிருக்கிறது.

இரண்டாவது ஞாயிறு புதுப்பேட்டை. நாலு கடை ஏறி இறங்கி ஐந்து டிஸ்ட்ரிபியூட்டர் பார்த்தேன். பழைய பொருள் வாங்கும்போது வெளியில் துடைத்த பளபளப்பைப் பார்க்காதீர்கள். முதலில் ஷாஃப்டைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். மூன்று அங்கேயே கழிந்தது. அடுத்து, கீழே டிரைவ் முனையை இறுகப் பிடித்துக்கொண்டு ரோட்டரைச் சுற்றும் திசையில் திருகி விடுங்கள். ஸ்பிரிங் இழுத்து அது தானாகப் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் எடைகள் துருப்பிடித்துச் சிக்கியிருக்கின்றன. பிறகு, இன்ஜினின் உறிஞ்சலால் டைமிங்கை முந்தவைக்கும் வேக்குவம் குப்பியில் ஒரு டியூபை மாட்டி வாயால் உறிஞ்சி, நாக்கால் அடைத்துப் பிடியுங்கள். பேஸ் பிளேட் நகர்ந்து அப்படியே நிற்க வேண்டும். மெல்லத் திரும்பினால் உள்ளே டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. கடைசியாக, உடலின் பக்கவாட்டில் அடித்திருக்கும் எண். வெளியில் ஒரே அச்சாக இருக்கும் டிஸ்ட்ரிபியூட்டர்களுக்கு உள்ளே எடையும் ஸ்பிரிங்கும் வேறு வேறாக இருக்கும். எந்த வேகத்தில் எத்தனை டிகிரி முந்த வேண்டும் என்பது இன்ஜினுக்கு இன்ஜின் மாறும். பழையதன் எண்ணை போனில் படம் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அதே எண்ணோடு ஒன்று அகப்பட்டது. ஷாஃப்ட் இறுக்கம், குப்பியும் நன்றாகப் பிடித்தது. பேரம் பேசாமல் வாங்கினேன். பாயிண்ட், கண்டன்சர், ரோட்டர், கேப் நான்கும் புதிதாக இன்னொரு கடையில்.

மாலையே வேலையைத் தொடங்கினேன். மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள், பக்கத்தில் நின்றாள். பேட்டரி ஒயரைக் கழற்றுவதற்கு முன் கேப், ஒயர்கள், ரோட்டர் பார்க்கும் திசை எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டோம். கேப்பில் ஒன்றாம் நம்பர் ஒயர் எந்தக் குழியில் இருக்கிறது என்பதை நேர் கீழே உடலில் ஒரு கோடாகக் கிழித்தேன். புத்தகத்தில் இருக்கும் படத்தை நம்ப வேண்டாம். முப்பது நாற்பது வருட வண்டியில் யாராவது எப்போதாவது டிரைவ் ஸ்பிண்டிலை ஒரு பல் தள்ளிப் போட்டு, ஒயர்களையும் ஒரு குழி நகர்த்தியிருக்கலாம். உங்கள் வண்டி எப்படி இருக்கிறதோ அதுதான் கணக்கு.

கழற்றுவதற்கு முன் இன்ஜினை ஒன்றாம் சிலிண்டர் கம்ப்ரஷனில் நிறுத்தினோம். நான்கு பிளக்கையும் எடுத்துவிட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, முன்னால் ஹேண்டில் போட்டு மகள் மெல்லச் சுற்றினாள். நான் ஒன்றாம் நம்பர் பிளக் துளையில் கட்டைவிரலை வைத்து அடைத்திருந்தேன். விரலைத் தள்ளிக்கொண்டு காற்று வரும் சுற்றுதான் கம்ப்ரஷன். அங்கிருந்து வெட்டுக்குறி 5 டிகிரி முள்ளுக்கு வரும்வரை மெதுவாக நகர்த்தி நிறுத்தினோம். தாண்டிவிட்டால் பின்னால் இழுக்காமல், மறுபடி இரண்டு முழுச் சுற்று சுற்றி வாருங்கள். செயினின் தளர்வு பின்னால் இழுக்கும்போது கணக்கைக் கெடுக்கும்.

டிஸ்ட்ரிபியூட்டரைப் பிடித்திருப்பது ஒரு கிளாம்ப் பிளேட். அதில் உடலை நெருக்கும் போல்ட் ஒன்று, பிளேட்டைப் பிளாக்கோடு சேர்க்கும் போல்ட் இரண்டு. கழற்ற வேண்டியது அந்த இரண்டைத்தான். இது இன்ச் வண்டி. மில்லிமீட்டர் ஸ்பானர் போட்டு இழுத்தால் போல்ட் தலை வழுக்கி உருண்டுவிடும். வேக்குவம் டியூபையும் காயிலிலிருந்து வரும் ஒயரையும் எடுத்துவிட்டு, மெல்லத் திருகி மேலே இழுத்தால் வந்துவிடும். டிரைவ் ஸ்பிண்டில் உள்ளேயே நிற்கும், அதைத் தொட வேண்டாம். அதன் தலையில் இருக்கும் வெட்டு நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் தள்ளி இருக்கும். டிஸ்ட்ரிபியூட்டரின் அடியில் இருக்கும் நாக்கும் அப்படியே. அதனால் இதைத் தலைகீழாக மாட்டவே முடியாது. புதியதை இறக்கி ரோட்டரை மெல்லத் திருப்பிக்கொண்டே இருந்தால், ஒரு இடத்தில் பொதக்கென்று உள்ளே இறங்கி உட்காரும். அந்த வடிவத்தை யோசித்தவருக்கு ஒரு கும்பிடு.

உட்கார்ந்த பிறகு பாயிண்ட். நான்கு முனையிலும் அளந்தேன்: 0.38, 0.38, 0.37, 0.38. லேத்தில் நிற்கிறவனுக்கு இப்படி ஒரு வரிசை எண்களைப் பார்ப்பதில் வரும் நிம்மதி தனி.

டைமிங் வைக்க 12 வோல்ட் சின்ன பல்பு ஒன்று போதும். பல்பின் ஒரு ஒயர் டிஸ்ட்ரிபியூட்டர் ஒயர் வரும் முனையில், இன்னொன்று வண்டியின் இரும்பு உடலில். இக்னிஷனைப் போட்டால், பாயிண்ட் மூடியிருக்கும்போது பல்பு எரியாது, திறந்த கணத்தில் எரியும். இதில் ரோட்டர் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. நெருக்கும் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி, உடலை இடப்பக்கம் திருப்பி பல்பை அணையவிட்டு, பிறகு மயிரிழை மயிரிழையாக வலப்பக்கம் திருப்பினேன். ரோட்டரை அது சுற்றும் திசைக்கு எதிராக விரலால் லேசாக அழுத்திக்கொண்டே செய்ய வேண்டும், அப்போதுதான் பல் சக்கரங்களின் தளர்வு கணக்கில் வராது. பல்பு எரிந்த அந்தப் புள்ளியில் போல்ட்டை இறுக்கினேன்.

"ஏன்ப்பா, பாயிண்ட் மூடும்போது கரண்ட் போகுது, அப்ப பொறி வரல. திறக்கும்போது கரண்ட் நிக்குது, அப்பதான் பொறி வருது. எப்படி?" என்று கேட்டாள் மகள். பரீட்சைக்குப் படிக்கும் பாடம் பல்பாகக் கண்முன் எரிந்தபோது வந்த கேள்வி. மூடியிருக்கும்போது காயிலில் காந்தப்புலம் நிறைகிறது. திறந்ததும் அது சட்டென்று சரிகிறது. சரியும் வேகத்தில்தான் காயிலின் இரண்டாவது கம்பிச்சுற்றில் பல ஆயிரம் வோல்ட் பிறக்கிறது. கண்டன்சர் இல்லாவிட்டால் அந்தக் கரண்ட் பாயிண்டின் இடைவெளியைத் தாண்டி எரிந்துகொண்டே இருக்கும், புலம் சட்டென்று சரியாது. 3000 ஆர்பிஎம்மில் இது நொடிக்கு 100 முறை நடக்கிறது. 1910 மாடல் கேடிலாக் காருக்கு கெட்டரிங் என்ற அமெரிக்கப் பொறியாளர் கொடுத்த முறைதான் எங்கள் வண்டியிலும் ஓடுகிறது.

ஒயர்களை மாட்டும்போது ஒரு எச்சரிக்கை. வரிசை 1-3-4-2, இடஞ்சுழியாக. வலஞ்சுழியாக மாட்டிவிட்டால் ஒன்றும் நாலும் சரியாகவே அமையும், இரண்டும் மூன்றும் மட்டும் இடம் மாறும். வண்டி இரண்டு சிலிண்டரில் இருமிக்கொண்டு ஓடும், கார்புரேட்டர் வழியாகத் துப்பும். அப்போது டைமிங்கைத் தொடாதீர்கள், ஒயர் வரிசையைப் பாருங்கள்.

பிளக் இடைவெளி 0.025 இன்ச். ஆக்ஸா பிளேடின் கனமும் அதேதான். அப்பா அதை வைத்துத்தான் அளப்பார், நானும் அதையே வைத்தேன். செல்ஃப் அடித்ததும் பாதிச் சுற்றில் பிடித்துக்கொண்டது. டைமிங் லைட்டை ஒன்றில் மாட்டினேன், நாலில் மாட்டினேன். வெள்ளைக் கோடு இரண்டிலும் ஒரே இடத்தில், ஆடாமல் நின்றது. அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. கை மட்டும் முழங்காலில் தாளம் போட்டது.

செவ்வாய்க்கிழமை காலை, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் வண்டி நின்றுவிட்டது. அப்பாவை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு ரோட்டோரமாகத் தள்ளினேன். கேப்பைத் திறந்து, இக்னிஷன் போட்டு, பாயிண்டை ஸ்க்ரூ டிரைவரால் திறந்து மூடிப் பார்த்தேன். கண்டன்சர் நன்றாக இருந்தால் அங்கே ஊசிமுனை அளவு நீலப் பொறிதான் வரும். எனக்குக் கொழுத்த மஞ்சள் வெளிச்சமாகச் சொடுக்கியது. புதுக் கண்டன்சர் இரண்டே நாளில் செத்துவிட்டது. பழைய டிஸ்ட்ரிபியூட்டரின் கண்டன்சரை டிக்கியில் போட்டு வைத்திருந்தேன். ஒரு ஸ்க்ரூ, ஒரு ஒயர், பத்து நிமிடம், வண்டி கிளம்பியது. அப்பாவுக்கு ஊசி குத்தும் நேரத்துக்கு நானும் போய்ச் சேர்ந்துவிட்டேன். அன்றிலிருந்து அந்தப் பழைய கண்டன்சரே ஓடுகிறது. ஓடும் பொருளைப் புதியது வாங்கிய ஒரே காரணத்துக்காகத் தூக்கி எறியாதீர்கள் என்று இதைப் படிப்பவர்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த ஞாயிறு செங்கல்பட்டுவரை ஒரு ஓட்டம். நாலாவது கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்து ஆக்ஸிலேட்டரை ஒரே மிதியாக மிதித்தால், லேசாக ஒரு கிணுகிணுப்பு கேட்டு உடனே அடங்க வேண்டும். கேட்டுக்கொண்டே இருந்தால் டைமிங் அதிகம் முந்தியிருக்கிறது. எனக்கு ஒரு சொட்டு அதிகமாகக் கேட்டது. டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கத்தில் இருக்கும் சின்னத் திருகு சக்கரத்தை 'ஆர்' (ரிடார்ட், அதாவது பொறி பிந்தும்) பக்கம் சில சொடுக்கு திருப்பினேன். அடங்கியது. பிக்கப் திரும்பி வந்திருக்கிறது. சிக்னலில் ஸ்டியரிங்கில் ஒரு உதறல் இல்லை.

பழைய டிஸ்ட்ரிபியூட்டரைப் பிரித்து, ஷாஃப்டை மைக்ரோமீட்டரில் அளந்தேன். ஷாஃப்டில் தேய்மானம் மிகக் குறைவு, தேய்ந்தது புஷ்தான். இது உலோகத் தூளை அழுத்திச் செய்த வெண்கல புஷ். பஞ்சுபோல் எண்ணெயைக் குடித்து வைத்திருக்கும் வகை. அதனால் உள்ளே அழுத்துவதற்கு முன் ஒரு முழு நாள் எண்ணெயில் ஊற வேண்டும். நேற்று சாயங்காலம் அப்பாவே ஒரு டப்பாவில் இன்ஜின் ஆயிலை ஊற்றி புஷ்ஷை அதில் போட்டு மூடி வைத்தார். இன்றைக்கு ஷிஃப்ட் முடிந்து வந்ததும் எடுத்து அழுத்த வேண்டும்.